கயாக் சத்தம் போடாது, நாம்தான் போட வேண்டும்

நீலகிரியில் தண்ணீருக்குக் குறைவில்லை. துடுப்போடு இறங்கத்தான் இடம் கிடைக்காது. வரைபடத்தை விரித்தால் பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி, போர்த்திமந்து என்று நீலத் திட்டுகள் வரிசையாகத் தெரியும். பார்த்ததும் ஆசை வரும். ஆனால் இவை எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். பைக்காரா மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. குந்தா திட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு, கனடாவின் உதவியோடு வந்தது. தண்ணீர் மின்வாரியத்தின் கையில், கரை பெரும்பாலும் வனத்துறையின் கையில். காற்றடித்து ஊதும் கயாக்கை (துடுப்பால் ஓட்டும் குறுகிய சின்னப் படகு) டிக்கியில் போட்டுக்கொண்டு போய் எங்காவது இறக்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அனுமதியில்லாமல் இறங்கினால் வம்புதான்.

ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லங்கள் இருக்கின்றன. ஊட்டி ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. ஓடைகளை மறித்து ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கியது. குழந்தைகளோடு அரை மணி நேரம் மிதிபடகில் சுற்ற நல்ல இடம். அங்கே காட்டு விலங்கை எதிர்பார்த்துப் போனால் குதிரைகளைத்தான் பார்க்கலாம்.

எனக்கு வேண்டியிருந்தது மோட்டார் சத்தம் இல்லாத ஒரு முழு நாள். விசாரித்ததில் கோத்தகிரிக்குக் கீழே, சரிவில், ஒரு தனியார் தேயிலைத் தோட்டம் அகப்பட்டது. தங்குவதற்குச் சின்னதாக ஒரு வீடு, சில கயாக், ஓர் ஏரி. வறண்ட மாதங்களில் செடிக்குத் தெளிப்பதற்காக ஓடையை மறித்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே அதை யாரும் ஏரி என்று சொல்வதில்லை, டேம்தான். மூன்று பக்கம் தேயிலை, நாலாவது பக்கம் சோலைக்காடு. நான் சொல்ல வருவது பெரும்பாலும் அந்த நாலாவது பக்கத்தைப் பற்றித்தான்.

கூட வந்தவன் அக்கா பையன். கல்லூரியில் படிக்கிறான். பவானி ஆற்றில் நீச்சல் பழகியவன், அதனால் தண்ணீரில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைக்கிற வயசு.

நாங்கள் போனது பிப்ரவரியில். "நீலகிரியில் மழை எப்போது?" என்று யாராவது கேட்டால் "எந்தப் பக்கம்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். மேற்கே கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கிழக்கே கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து; 2009 நவம்பரில் அங்கே நடந்த நிலச்சரிவுகளை ஊர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்து கிடக்கும். கயாக்குக்கு அது வசதி. அட்டைத் தொல்லையும் குறைவு. இன்னொன்று, காட்டுக்குள் சின்ன ஓடைகள் வற்றிவிடுவதால் விலங்குகள் பெரிய தண்ணீரைத் தேடி வெளியே வரும். வசதியும் சிக்கலும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன.

மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறினோம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்பதற்கு 2025-ல் வரம்பும் வைத்தார்கள். முடிந்தால் வாரநாளில் போவது நல்லது. இதே சாலையில் பலாப்பழக் காலத்தில் போகிறவர்கள் யானை நிற்கும் என்ற நினைப்போடு ஓட்ட வேண்டும். சரிவெல்லாம் பலா மரங்கள். பழம் பழுத்தால் யானைகள் மேலே ஏறி வந்துவிடும்.

மதியம் போய்ச் சேர்ந்தோம். கயாக்கைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பதைத் தாண்டியவர், எங்களுக்கு அண்ணன். 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இந்தத் தோட்டத்திலேயே வளர்ந்தவர். துடுப்பைக் கையில் கொடுப்பார் என்று பார்த்தால், "முதல்ல விழுங்க சார், அப்புறம் ஓட்டலாம்" என்றார்.

மறுநாள் காலை ஓட்டுவதற்கு முந்தைய நாள் மதியமே விழுந்து பார்ப்பதன் அருமை, தண்ணீரில் இறங்கியதும் தெரிந்தது. மேலே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. தண்ணீரோ மார்பைத் தொட்டதும் மூச்சைப் பிடுங்குகிறது. சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலேயே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். பவானியில் நீந்துகிறவனுக்கும் இதே கதிதான். நீச்சல் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நிமிஷம் அசையாமல் மிதந்து, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் கையை வீச வேண்டும். அந்த ஒரு நிமிஷம் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட். பக்கிள் எல்லாம் பூட்டி, தோள்பட்டையில் ஒருவர் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் அது பெரிய சைஸ், வேறு கேளுங்கள். என் அக்கா பையனுடையது மூக்கு வரை ஏறியது. மாற்றினோம்.

அங்கே இருந்தவை மேலே உட்காரும் வகைக் கயாக். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகையில் கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டாம். இதில் அடியில் ஓட்டைகள் உண்டு, ஏறின தண்ணீர் தானாக வடியும். விழுந்தபின் திரும்ப ஏறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. படகின் நடுப்பக்கம் வந்து, காலைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்தபடி, வயிறு படகின் குறுக்கே வருமாறு பாய வேண்டும். பிறகு மல்லாக்கத் திரும்பி உட்கார்ந்து, கடைசியில் காலை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். சேற்றில் எருமை புரளுகிற அழகில்தான் இருக்கும், பரவாயில்லை. கையை ஊன்றி நேராக எழும்பப் பார்த்தால் படகு மறுபடி கவிழும்.

துணி விஷயத்தில் பலரும் ஸ்வெட்டரை நம்புகிறார்கள். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் கனத்து, காயாமல், உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டீ-சர்ட் இரண்டு, மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் போதும். காலில் பின்வார் உள்ள செருப்பு. ரப்பர் செருப்பைச் சேறு முதல் அடியிலேயே பிடுங்கிக்கொள்ளும். மாற்றுத் துணியைப் படகில் எடுத்துப் போகாமல் கரையில் வைத்துவிட்டுப் போகலாம். கார் சாவியும் அங்கேயே இருக்கட்டும். குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள். இந்த உயரத்தில் வெயில் தெரியாமலேயே சுடும், தண்ணீரிலிருந்தும் திருப்பி அடிக்கும். என் மூக்கு ஈரோடு திரும்பிய பிறகும் உரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியும்போது டேம் மேல் மூட்டம். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதால் ஆவி பனியாக நிற்கும். அழகுதான். ஆனால் எதிர்க்கரை தெரிகிற வரைக்கும் அண்ணன் படகைத் தொடவே விடவில்லை. "எங்க என்ன நிக்குதுன்னு பார்க்காம எப்படி சார் போறது?" என்றார். உட்கார்ந்து சூடாக டீ குடித்தோம். சோலைக்குள் காட்டுக்கோழி கூவியது. கொஞ்சம் கழித்துக் கருமந்தி ஒன்று அடித்தொண்டையிலிருந்து ஹூ ஹூ என்று ஆரம்பித்தது. அடுத்த சரிவிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.

துடுப்புப் போடுவது கஷ்டமான வித்தை இல்லை. குழிந்த பக்கம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும், கைப்பிடி தோளை விடக் கொஞ்சம் அகலம், விரல்களை இறுக்கக் கூடாது. கையால் இழுக்காமல் இடுப்பையும் தோளையும் திருப்பி இழுக்க வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு போய்விடும். திரும்புவதற்குத் துடுப்பைப் படகிலிருந்து தள்ளி அரைவட்டமாக வீச வேண்டும். இவ்வளவுதான். என்னோடு வந்தவன் இதைக் கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டான். எனக்கு அதை விட அதிகம் ஆனது என்பதை அவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

கயாக்கில் கண் மட்டம் தண்ணீரிலிருந்து மூன்றடிகூட இருக்காது. கரையிலிருந்து பார்க்கும்போது தெரியாதவை அந்த மட்டத்தில் தெரியும். முக்குளிப்பான் பறவை பக்கத்திலேயே முங்கி, நாம் எதிர்பார்க்கிற இடத்தில் ஒருபோதும் எழாது. கரைக் கல்லில் சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருவது, மஞ்சள் வயிறு, உட்கார்ந்த இடத்தில் வால் மட்டும் நிற்காமல் ஆடும். ஒரு பாறைமேல் நண்டு ஓடு நொறுங்கிக் கலந்த எச்சம் கிடந்தது. நீர்நாய் என்றார் அண்ணன். ஆளைக் காணவில்லை.

சோலைக் கரையோரம் போகத் தொடங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஓடை வந்து விழுகிற இடத்தில் கரை உள்வாங்கி வளைகிறது. அந்த வளைவுக்குள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாது. முன்னால் போன அண்ணன் துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகத் தூக்கினார். நிறுத்து என்று அர்த்தம். அதை முந்தைய நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். நிறுத்தினோம். நிறுத்தினாலும் கயாக் நிற்காது, வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போகும். அந்த வழுக்கலில் வளைவு திறந்தது.

காட்டெருமைகள். மூன்று பசுக்கள், ஒரு கன்று, முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக, தண்ணீரில் முன்கால் வைத்துக் குடித்துக்கொண்டு. காற்று அவற்றின் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதனால் எங்கள் வாசனை அவற்றுக்குப் போகவில்லை. சத்தமும் இல்லை. நாங்கள் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

நானாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மிதந்திருப்பேன். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் சொல்வதும் அதுதானே, அமைதியாக இரு. அண்ணன் நேர்மாறாகச் செய்தார். துடுப்புக் கம்பால் படகின் விலாவில் மெதுவாக, இடைவெளி விட்டு, டொக்... டொக்... என்று தட்டினார். முன்னால் நின்ற பசு தலையைத் தூக்கியது. மூக்கால் ஒரு சீறல். கன்று தாய்க்குப் பின்னால் போனது. அண்ணன் படகைத் திருப்பாமல், அவற்றைப் பார்த்தபடியே பின்துடுப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார், நாங்களும். எண்பது, நூறடி விலகியதும் அந்தப் பசு எங்களை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பக் குடிக்கத் தொடங்கியது.

"எதுக்கு அண்ணா தட்டினீங்க? ஓடிப்போயிருந்தா?" என்று பையன் குசுகுசுத்தான்.

"ஓடினா ஓடட்டும் தம்பி. பக்கத்துல போயி திடீர்னு பார்த்துச்சுன்னா எந்தப் பக்கம் பாயறதுன்னு அதுக்கே தெரியாது. நாம வர்றது அதுக்கு முன்னாடியே தெரியணும்."

இதை நான் எங்கும் படித்ததில்லை. யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. சாலையில் கார் வருவது அரை மைல் முன்னால் கேட்கும். நடந்து போனால் சருகு நொறுங்கும். கயாக் ஒன்றுதான் சத்தமே இல்லாமல் ஒரு பெரிய விலங்கின் மூக்கு நுனி வரை கொண்டுபோய் விடக்கூடிய வண்டி. அதன் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். நீலகிரியில் ஆட்கள் காட்டெருமை முட்டிச் சாவது அபூர்வச் செய்தி அல்ல. ஓர் ஆண் காட்டெருமை ஆயிரம் கிலோவை நெருங்கக்கூடியது. வேண்டுமென்று துரத்தி வருவதைவிட, எதிர்பாராமல் நெருக்கத்தில் பார்த்துவிட்ட பதற்றத்தில் முட்டுவதுதான் அதிகம் என்கிறார்கள் தோட்டத்துக்காரர்கள். ஆகவே திறந்த தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் மௌனமாக இருங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவு வந்தால் தட்டுங்கள், இருமுங்கள், சாதாரணமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம், விசில் வேண்டாம். விசில் ஆள் விழுந்தால் கூப்பிடுவதற்கு.

"தண்ணீரில்தானே இருக்கிறோம், அது எப்படி வரும்" என்பதும் பாதிதான் உண்மை. அந்த வளைவில் ஆழம் முழங்கால் அளவு. நமக்குத் துடுப்பு தரை தட்டுகிற ஆழம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆழமான பக்கத்தில் நின்றுகொண்டு, காட்டுக்குத் திரும்பும் வழியை அவற்றுக்கு முழுதாக விட்டுவிட வேண்டும். இரண்டு கயாக் ஆளுக்கொரு பக்கமாகப் போய் நடுவில் மாட்டவைக்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. குழுவாகப் போகிறவர்கள் ஒரே பக்கம் சேர்ந்து இருங்கள்.

அந்தத் தூரத்தில் நெடுநேரம் மிதந்தோம். பையன் போனை உறையிலிருந்து எடுக்கக்கூட மறந்துவிட்டான். அப்புறம் மரங்களுக்குள்ளிருந்து ஆண் ஒன்று வந்தது. கறுப்பு, திமில், வளைந்த கொம்பு. வந்ததும் எங்களை நேராகப் பார்க்கவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் முழுசாகக் காட்டிக்கொண்டு குறுக்கே நின்றது. எனக்கு அது சாதுவாக நிற்பதாகத்தான் பட்டது. "குறுக்கே நிக்குது பாருங்க, நான் எவ்வளவு பெருசுன்னு சொல்லுது. போலாம்" என்றார் அண்ணன். போனோம். பேச்சு வார்த்தைக்கே இடமில்லை.

திரும்பி வரும்போது காற்று எழுந்துவிட்டது. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, பள்ளத்திலிருந்து காற்று மேலே ஏறத் தொடங்கும். காலையில் கண்ணாடியாக இருந்த தண்ணீர் முற்பகலில் சுருக்கம் விழுந்து, மதியம் சின்ன அலையாகிறது. மலை நீர்நிலையில் இது பெரும்பாலான தெளிந்த நாட்களில் நடக்கும். அதனால் அண்ணன் காலையிலேயே காற்று வரப்போகிற திசையை நோக்கித்தான் எங்களைக் கூட்டிப்போயிருந்தார். களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. இதை மாற்றிச் செய்தால் கடைசி நூறு மீட்டர் நகரவே நகராது.

தண்ணீர் இறங்கியிருக்கும் மாதங்களில் கரையில் அகலமாகக் காய்ந்த சேறு தெரியும். மேலே வெடித்துக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே குழம்பு. அதில் இறங்கி நடக்க வேண்டாம், கல் பாவிய துறையில்தான் ஏற வேண்டும். பழைய மரக்கட்டைகள் நீருக்கடியில் இருக்கும், நிறம் மாறித் தெரியும் இடத்தை விட்டு விலகுங்கள். தண்ணீர் வெளியேறும் மதகுப் பக்கம் போகவே கூடாது.

மதியச் சாப்பாடு கரைக்கு மேலே, தோட்டத்து வீட்டில். களியும் அவரைக் குழம்பும். குளிர்ந்த உடம்புக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சாயங்காலம் பையன் மறுபடி ஒரு சுற்று கேட்டான். மறுத்துவிட்டார் அண்ணன். நாலரைக்கு மேல் யாரையும் டேமில் விடுவதில்லையாம். அந்த நேரத்தில் சோலைப் பக்கத்திலிருந்து மட்டுமல்ல, தேயிலைக்குள்ளிருந்தும் விலங்குகள் வரும். துறையிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதையில் கரடி நடமாட்டம் வேறு. இருட்டிய பிறகு வாசலில் டார்ச் இல்லாமல் நிற்கக்கூடாது, மிச்சச் சோற்றை வெளியே வைக்கக்கூடாது. இந்தக் கண்டிப்பைக் கண்டு முகம் சுளித்து, மாலையிலும் விடச்சொல்லி மேலாளரிடம் சண்டை போட்ட ஒரு குடும்பத்தை அன்றே பார்த்தோம். எனக்கென்னவோ, எந்த நேரமும் போகலாம் என்று சொல்கிற இடத்தைத்தான் சந்தேகப்படத் தோன்றுகிறது.

இடம் பிடிக்கும் முன் போனில் கேட்க வேண்டியதும் அதுதான். கூட இன்னொரு கயாக்கில் ஆள் வருவாரா, எந்த நேரம் விடமாட்டீர்கள், ஜாக்கெட் குழந்தை சைஸில் உண்டா, கடைசியாக எந்த விலங்கு எங்கே பார்த்தீர்கள். நாலாவது கேள்விக்குத் தயங்காமல் இடமும் நாளும் சொன்னால் அவர்கள் தண்ணீரைக் கவனிக்கிறவர்கள். "அதெல்லாம் இங்க ஒண்ணும் வராது சார்" என்றால் வேறு இடம் பாருங்கள். நீலகிரியில் ஒன்றும் வராத தண்ணீர் கிடையாது.

அன்று மாலையே மலை இறங்கத் திட்டம் போட்டிருந்தோம். இறங்கவில்லை. காலை முழுக்கத் துடுப்புப் பிடித்த கை, ஸ்டியரிங்கை வளைவுக்கு வளைவு திருப்பும்போது நடுங்கும். இரண்டாவது கியரில் இறங்கும் கொண்டை ஊசி வளைவில் அது சரிவராது. ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கக் காசு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது படகில் ஏறாத ஒருவரை ஓட்டக் கூட்டிப்போங்கள். எங்கள் வீட்டில் அடுத்த முறை அந்த வேலைக்கு அக்காவைக் கூப்பிடுவதாக இருக்கிறோம். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.